அத்தியாயம் 4: ஓர் அணுவும் ஓர் ஒளிக்குழியும்

இரண்டே ஆற்றல் மட்டங்கள் உள்ள ஓர் அணு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட, ஒரே அதிர்வெண் கொண்ட ஒளி. அணுவும் ஒளியும் பேசிக்கொள்ளும் கதையை இதைவிடச் சிறிதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இதைத் தீர்க்க உட்காரும் மாணவர்கள் முதல் பக்கத்திலேயே திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை எழுதியதும் கை பழக்கத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பிரித்து எழுதத் தொடங்கிவிடுகிறது. குழிக்குள் எத்தனை ஃபோட்டான் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் அந்தச் சமன்பாடுகளுக்கு முடிவே வருவதில்லை.

அந்தக் கையைச் சற்று நிறுத்துங்கள். முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நேரம் ஓடும்போது இந்த அமைப்பில் எது மாறாமல் நிற்கிறது? அதற்கு விடை கிடைத்ததும், எந்த முறையில் தீர்ப்பது என்பது பெரும்பாலும் தானாகவே துலங்கிவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டே போவோம்.

குறியீடுகளை முதலில் முடித்துவிடலாம். ஒளியின் கோண அதிர்வெண் ஒ. அணுவின் இரு மட்டங்களுக்கும் இடையிலான அதிர்வெண் அ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது அ − ஒ, நமக்கு வி. ஃபோட்டான்களின் எண்ணிக்கை எ. அணுவுக்கும் ஒளிக்கும் இடையிலான இணைப்பு வலிமை இ. அணு கிளர்வு நிலையில் இருந்தால் ‘மேல்’, அடிநிலையில் இருந்தால் ‘கீழ்’. எனவே (மேல், 3) என்றால் கிளர்ந்த அணுவும் மூன்று ஃபோட்டான்களும். பிளாங்க் மாறிலியை 2பை-யால் வகுத்து வருவதை 1 என்று வைத்துக்கொள்வதால் ஆற்றலும் அதிர்வெண்ணும் ஒரே அலகில் வரும்.

இ-யைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த நூலில், ஃபோட்டானே இல்லாத குழிக்குள் கிளர்ந்த அணு ஒன்று நுழைந்தால் அது 2இ என்ற அதிர்வெண்ணில் ஏறி இறங்கும். சில ஆய்வுக் கட்டுரைகள் அந்த 2இ-யையே இணைப்பு வலிமை என்று குறிக்கின்றன. வேறு சில, கோண அதிர்வெண்ணைச் சொல்லாமல் அதை 2பை-யால் வகுத்து ஹெர்ட்ஸில் சொல்கின்றன. கணக்கிட்ட வளைகோடு ஆய்வுத் தரவின் மேல் ஏன் பொருந்தவில்லை என்று நான் ஒருமுறை இரண்டு நாள் தேடினேன். தவறு இந்த 2-இல்தான் இருந்தது. எண்களை எடுத்து ஆளும்முன் அந்தக் கட்டுரையின் ஹாமில்டோனியனைப் பார்த்து, அதில் இ எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு நிகழ்வுகள்

அணுவும் ஒளியும் ஊடாடும் உறுப்பை விரித்தால் நான்கு நிகழ்வுகள் கிடைக்கும். அணு கீழே இறங்கி ஒரு ஃபோட்டானை வெளிவிடலாம். ஒரு ஃபோட்டானை விழுங்கி மேலே ஏறலாம். இவை இரண்டும் நம் உள்ளுணர்வுக்கு உகந்தவை. மற்ற இரண்டும் விசித்திரமானவை: அணு மேலே ஏறும்போதே ஒரு ஃபோட்டானும் பிறக்கிறது, அல்லது அணு கீழே இறங்கும்போதே ஒரு ஃபோட்டான் மறைகிறது. பின்னிரண்டையும் நீக்குவதுதான் சுழல் அலைத் தோராயம்.

எட்வின் ஜேன்ஸும் ஃப்ரெட் கம்மிங்ஸும் 1963-இல் இந்தத் தோராயத்தோடு எழுதிய மாதிரிதான் இன்று அவர்கள் பெயரில் வழங்குகிறது. ஒளியைக் குவாண்டமாக எடுத்துக்கொண்டால் கிடைக்கும் விடை, பழைய அலையாகவே வைத்துக்கொண்டால் கிடைக்கும் விடையிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். அதைக் கற்றை மேசருக்குப் பொருத்திக் காட்டினார்கள். பழைய அலை வடிவக் கணக்கை, சுழலும் காந்தப்புலத்துக்காக, இசிடோர் ராபி 1937-லேயே செய்துவிட்டார்.

அந்த இரு நிகழ்வுகளை எப்போது நீக்கலாம்? ‘ஆற்றல் அழிவின்மையை மீறுகின்றன, அதனால் நீக்குகிறோம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவை ஹாமில்டோனியனின் உறுப்புகள். மொத்த ஆற்றல் அவற்றையும் சேர்த்துத்தான் காக்கப்படுகிறது. சரியான காரணம் அளவுதான். அவை ஆற்றல் மட்டங்களை நகர்த்தும் தூரம் ஏறத்தாழ இ² ÷ (அ + ஒ). ஃபெலிக்ஸ் பிளாக், ஆர்னால்ட் சீகெர்ட் ஆகிய இருவரும் 1940-இல் வலிய அலைக்குக் காட்டிய நகர்வின் குவாண்டம் உறவினர் இது.

பாரிஸில் செர்ஜ் அரோஷின் குழு 1996-இல் செய்த சோதனையின் எண்களை எடுத்துக்கொள்வோம். 51, 50 என்ற உயர் மட்டங்களுக்கு இடையே தாவும் ருபிடியம் அணுக்கள், நயோபியம் கண்ணாடிகளால் ஆன மீக்கடத்திக் குழி. தாவலின் அதிர்வெண் 51.1 கிகாஹெர்ட்ஸ். நம் குறியீட்டில் இ-யை 2பை-யால் வகுத்தால் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸ். 25 கிலோஹெர்ட்ஸை வர்க்கப்படுத்தி 102.2 கிகாஹெர்ட்ஸால் வகுத்தால் 0.006 ஹெர்ட்ஸ் வரும். இவ்வளவு சிறிய நகர்வு ஒரு முழுச் சுற்றை முடிக்கவே இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அணுவோ குழிக்குள் தங்குவது நூறு மைக்ரோவினாடிக்கும் குறைவு. இங்கே தயங்காமல் நீக்கலாம். இந்த வகுத்தலை ஒவ்வொரு முறையும் தாளில் செய்துவிட்டுத்தான் சுழல் அலைத் தோராயத்தை எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

துண்டுகளாக உடைதல்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். விசித்திரமான இரண்டையும் நீக்கியபின் எஞ்சும் நிகழ்வுகளில் அணு ஒரு படி இறங்கினால் ஃபோட்டான் ஒன்று கூடுகிறது. ஏறினால் ஒன்று குறைகிறது. அப்படியானால் ஃபோட்டான்களின் எண்ணிக்கையோடு, அணு மேலே இருந்தால் ஒன்றைக் கூட்டி வரும் மொத்தக் கிளர்வு எண்ணிக்கை ஒருபோதும் மாறாது. எ + 1 என்ற மொத்தத்தைத் தரும் நிலைகள் இரண்டே இரண்டு: (மேல், எ), (கீழ், எ + 1). முடிவில்லாத அணி இரண்டுக்கிரண்டு துண்டுகளாக உடைந்துவிட்டது. பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடு போதும்.

துண்டின் மூலைவிட்ட உறுப்புகள் ஒஎ + அ/2, ஒ(எ + 1) − அ/2. பக்கத்து உறுப்பு இ√(எ + 1). ஆக,

ஆற்றல் = ஒ(எ + ½) ± ½√(வி² + 4இ²(எ + 1))

(கீழ், 0) என்ற நிலைக்கு மட்டும் துணை கிடையாது. அது −அ/2 என்ற ஆற்றலோடு தனியாக நிற்கும். நிரல் எழுதுவோர் இந்தத் தனி நிலையை விட்டுவிடுவது வழக்கமான தவறு. மட்டங்களை எண்ணும்போது ஒன்று குறைந்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

வி சுழியமானால் இரு மட்டங்களும் 2இ√(எ + 1) இடைவெளியில் பிரியும். அந்த வர்க்கமூலத்தில்தான் இந்த மாதிரியின் உயிர் இருக்கிறது. பழைய அலையின் ஆற்றலைத் தொடர்ச்சியாகக் கூட்டலாம், குறைக்கலாம். இங்கே 1-இன் மூலம், 2-இன் மூலம், 3-இன் மூலம் என்று படிப்படியாகத்தான் போக முடியும். பாரிஸ் குழு தங்கள் அலைவுகளை ஃபூரியர் முறையில் பிரித்தபோது இந்த விகிதங்களிலேயே உச்சங்கள் எழுந்தன. ஃபோட்டான் முழு எண்ணாகத்தான் வரும் என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

மறுமுனையில், வி மிகப் பெரிதானால் வர்க்கமூலத்தை விரித்து எழுதலாம். (மேல், எ) நிலை இ²(எ + 1)/வி அளவு நகரும். (கீழ், எ) நிலை எதிர்த்திசையில் இ²எ/வி அளவு நகரும். அணு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குழியின் அதிர்வெண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால், மீக்கடத்திச் சுற்றுகளோடு வேலை செய்பவர்கள் நாள்தோறும் இந்தச் சூத்திரத்தை ஆள்கிறார்கள். ஆனால் அதன் எல்லையை மறந்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம்: இ 100 மெகாஹெர்ட்ஸ், வி 1 கிகாஹெர்ட்ஸ். ஃபோட்டான் இல்லாதபோது (மேல், 0) நிலைக்குத் தோராயம் தரும் நகர்வு 10 மெகாஹெர்ட்ஸ். சரியான விடை 9.9. பிழை ஒரு சதவீதம்தான். எ + 1 என்பது 25 ஆகும்போது தோராயம் 250 என்கிறது. சரியான விடை 207. பிழை இருபது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த 25 எங்கிருந்து வந்தது? வி² ÷ 4இ² என்பதே அது. ஃபோட்டான் எண்ணிக்கை இந்த எண்ணை நெருங்கினால் தோராயத்தை மடித்து வைத்துவிட்டு மேலே உள்ள முழுச் சூத்திரத்துக்குத் திரும்புங்கள். இரண்டுக்கும் எழுதும் உழைப்பு ஒன்றுதான்.

அலைவு அடங்கி மீண்டும் எழுவது

குழியில் ஓரியல் நிலையில் ஒளி இருந்தால் ஃபோட்டான் எண்ணிக்கை பாய்சான் பரவலில் சிதறியிருக்கும். ஒவ்வொரு துண்டும் தன் வர்க்கமூல வேகத்தில் தனியே அலையும். அணு மேலே இருக்கும் நிகழ்தகவு அத்தனை கொசைன்களின் சராசரி. இதைக் கணினியில் கூட்டும்முன், எப்போது என்ன நடக்கும் என்று கையாலேயே ஊகித்துவிட முடியும். ஊகித்துப் பழகுங்கள், கணினி தரும் வரைபடத்தை நம்புவதா வேண்டாமா என்று சொல்ல அதுதான் உதவும்.

சராசரி எண்ணிக்கை ச என்றால் சிதறல் √ச. வர்க்கமூலத்தின் சரிவு 1 ÷ 2√ச. இரண்டையும் பெருக்கினால் ச அடிபட்டுப் போய் அரை மிஞ்சும். ஆகவே அதிர்வெண்களின் சிதறல் சரியாக இ. அலைவுகள் ஏறத்தாழ √2 ÷ இ நேரத்தில் அடங்கிவிடும். எத்தனை ஃபோட்டான் இருந்தாலும் அந்த நேரம் மாறாது. இனி, அடுத்தடுத்த இரு துண்டுகளின் கட்டம் ஒரு முழுச் சுற்று விலகும் நேரத்தில் எல்லாம் மறுபடி ஒத்துப்போகும். அந்த நேரம் 2பை√ச ÷ இ. ஃபோட்டான் எண்ணிக்கை தொடர்ச்சியாக இருந்தால் அடங்கியது திரும்பவே வராது. முழு எண்களாக இருப்பதால்தான் வருகிறது.

பாரிஸ் எண்களைப் போட்டுப் பாருங்கள். அடங்கும் நேரம் 9 மைக்ரோவினாடி. ச 16 ஆனால் மீண்டெழும் நேரம் 4 ÷ 25 கிலோஹெர்ட்ஸ், அதாவது 160 மைக்ரோவினாடி. அந்தக் குழியில் ஃபோட்டானின் ஆயுள் 220 மைக்ரோவினாடி; 16 ஃபோட்டான்கள் இருந்தால் 14 மைக்ரோவினாடிக்கு ஒன்று கசிந்துவிடும். மீண்டெழுவதற்குள் ஏறத்தாழ பாதி போய்விடும். அவர்கள் ஏன் சராசரி இரண்டுக்கும் குறைவான ஃபோட்டான்களோடு சோதனை செய்தார்கள் என்பது இந்த ஒரு வரிக் கணக்கிலேயே விளங்கும். இந்த மீண்டெழுதலின் முதல் தடயத்தை 1987-இல் ஹெர்பர்ட் வால்தரின் குழு ஓரணு மேசரில் கண்டது.

எண்ணிக்கை கைவிடும்போது

இ பெரிதாகிவிட்டால் என்ன செய்வது? மீக்கடத்திச் சுற்றுகளில் 2010-இல் இ ÷ ஒ 0.12-ஐத் தொட்டது; 2017-இல் ஒன்றையே தாண்டியது. இங்கே விசித்திரமான இரு நிகழ்வுகளையும் நீக்க முடியாது. அவற்றைச் சேர்த்த முழு மாதிரிக்குக் குவாண்டம் ராபி மாதிரி என்று பெயர். மொத்தக் கிளர்வு எண்ணிக்கை இனிக் காக்கப்படாது. இரண்டிரண்டாகக் கூடவோ குறையவோ செய்யும்.

மறுபடி அதே கேள்வி. இரண்டிரண்டாக மாறுகிறது என்றால், அது இரட்டையா ஒற்றையா என்பது மட்டும் மாறவே மாறாது! இதற்குப் பாரிட்டி என்று பெயர். இரண்டுக்கிரண்டு துண்டுகள் போய்விட்டன. இரண்டு நீண்ட சங்கிலிகள் மிஞ்சுகின்றன. ஒன்று (கீழ், 0), (மேல், 1), (கீழ், 2), (மேல், 3) என்று போகும். மற்றது (மேல், 0), (கீழ், 1), (மேல், 2) என்று போகும். ஒரு சங்கிலியில் ஒவ்வொரு ஃபோட்டான் எண்ணும் ஒரே முறைதான் வருகிறது. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியோடு மட்டுமே பேசுகிறது. அதாவது அணியில் மூலைவிட்டத்தையும் அதை ஒட்டிய கோடுகளையும் தவிர எல்லாம் சுழியம். இத்தகைய அணிக்கு அருமையான ஒரு கருவி உண்டு: தொடர்பின்னம்.

கையால் ஒன்று செய்வோம். ஒ = அ = 1, இ = 0.1. முதல் சங்கிலியின் மூலைவிட்டம் −0.5, 1.5, 1.5, 3.5 என்று தொடங்கும். பக்கத்து உறுப்புகளின் வர்க்கங்கள் 0.01, 0.02, 0.03. மிகத் தாழ்ந்த ஆற்றலைத் தேடுகிறோம். தொடக்க ஊகம் −0.505 என்று வைப்போம். கடைசிக் கண்ணியிலிருந்து மேலே வாருங்கள். −0.505 − 3.5 = −4.005, 0.03-ஐ இதனால் வகுத்தால் −0.0075. அடுத்த கண்ணியில் −2.005-இலிருந்து அதைக் கழித்தால் −1.9975, 0.02-ஐ இதனால் வகுத்தால் −0.0100. மீண்டும் −2.005-இலிருந்து கழித்தால் −1.9950, 0.01-ஐ வகுத்தால் −0.00501. இதை −0.5 உடன் சேர்த்தால் ஆற்றல் −0.50501. இந்த மதிப்பையே மறுபடி உள்ளே போட்டால் ஐந்தாம் தசம இடம் வரை அசையாது. நான்கே கண்ணிகள், ஐந்து இலக்கத் துல்லியம். ஒரு சாதாரணக் கணிப்பான் போதும்.

ஜேன்ஸ்–கம்மிங்ஸ் மாதிரி இந்த ஆற்றலைச் சரியாக −0.5 என்று சொல்லியிருக்கும். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அதன் பொருள் பெரிது: அடிநிலை இப்போது (கீழ், 0) மட்டும் அல்ல, அதில் (மேல், 1) ஏறத்தாழ 0.0025 நிகழ்தகவோடு கலந்திருக்கிறது. ஒன்றுமே இல்லாத குழியில் கொஞ்சம் ஒளி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. இதைக் கீழே மீண்டும் பார்க்க வேண்டிவரும்.

நீண்ட காலம் இந்த முழு மாதிரிக்குப் பகுப்பாய்வுத் தீர்வு கிடையாது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பிராக் 2011-இல் அந்த எண்ணத்தை மாற்றினார். அவர் பற்றிக்கொண்டதும் பாரிட்டியைத்தான். ஃபோட்டான் நிலைகளைச் சிக்கலெண் தளத்தில் சீரான சார்புகளாக எழுதும் பார்க்மன் வடிவத்தில், எந்த ஆற்றலில் தீர்வு எல்லா இடத்திலும் சீராக இருக்கிறது என்று கேட்டார். விடை ஒரு சார்பின் சுழியங்களாக வந்தது. செய்முறைக்கு இவ்வளவு போதும். ஒ = 1 என்றும் அ-வின் பாதி ப என்றும் ஆற்றலோடு இ²-ஐக் கூட்டினால் ய என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ச(எ) = 2இ + (எ − ய + ப² ÷ (ய − எ)) ÷ 2இ

எ × க(எ) = ச(எ − 1) க(எ − 1) − க(எ − 2)

(இங்குள்ள ச சராசரி எண்ணிக்கை அல்ல, ஒரு சார்பு.) க(0) ஒன்று, க(1) என்பது ச(0). பிறகு, க(எ) × இ-யின் எ-ஆம் அடுக்கு × (1 ∓ ப ÷ (ய − எ)) என்பதை எல்லா எ-க்கும் கூட்டுங்கள். மேற்குறி ஒரு சங்கிலிக்கு, கீழ்க்குறி மற்றதற்கு. இந்தக் கூட்டுத்தொகை எந்த ய-யில் சுழியமாகிறதோ அங்கே ஒரு மட்டம்.

வரைபடம் போடும்போது ய முழு எண்ணாகும் இடங்களிலெல்லாம் சார்பு முடிவிலிக்குப் பாய்வதைக் காண்பீர்கள். குறிமாற்றத்தை மட்டும் தேடும் நிரல் அந்தப் பாய்ச்சலையும் சுழியம் என்று எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு முழு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தனித்தனியாகத் தேடுங்கள். சில குறிப்பிட்ட இ, அ மதிப்புகளில் மட்டம் முழு எண்ணிலேயே வந்து அமரும், பி. ஆர். ஜட் 1979-இல் கண்ட தனித்த தீர்வுகள் இவை. அந்தப் புள்ளிகளில் இந்தச் சார்பு உதவாது. தொடர்பின்னத்துக்கோ அணிக்கோ திரும்ப வேண்டும்.

கசிவு

குழி கசியும், அணு பக்கவாட்டில் ஒளியை உமிழும். ஃபோட்டானின் கசிவு வீதம் வீ1, அணுவின் உமிழ்வு வீதம் வீ2 என்க. ஒரே ஒரு கிளர்வு மட்டும் இருந்தால் இரண்டுக்கிரண்டு துண்டின் மூலைவிட்டத்தில் கற்பனைப் பகுதிகளைச் சேர்த்தாலே போதும். ஒத்ததிர்வில் 4இ, வீ1-க்கும் வீ2-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதானால் மட்டங்கள் இரண்டாகப் பிரியும். இல்லாவிட்டால் பிரியாமல் அகலம் மட்டும் மாறும்.

பல ஃபோட்டான்கள் இருந்தால் அடர்த்தி அணிக்கான சமன்பாடு தேவை. அதன் பொது வடிவத்தை 1976-இல் கோரன் லிண்ட்பிளாட் ஒரு பக்கமும், விட்டோரியோ கோரினி, ஆண்ட்ஜெய் கொசகோவ்ஸ்கி, ஈ. சி. ஜி. சுதர்சன் ஆகிய மூவர் மறுபக்கமும் நிறுவினார்கள். சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்த சுதர்சன், பின்னாளில் சென்னையின் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். இந்தச் சமன்பாட்டை லிண்ட்பிளாட் பெயரால் மட்டும் அழைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. நால்வரின் பெயரையும் சொல்லுங்கள்.

அளவைக் கவனியுங்கள். 40 ஃபோட்டான் நிலைகள், இரண்டு அணு நிலைகள் என்றால் 80 நிலைகள். அடர்த்தி அணிக்கு 6,400 உறுப்புகள். அதை நகர்த்தும் அணிக்கு 4 கோடிக்கும் மேல். சுழியங்களையும் சேர்த்துச் சேமித்தால் 65 கோடி பைட் போய்விடும். சுழியமல்லாதவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வடிவத்தில் எழுதுங்கள். பைத்தான் மொழியின் க்யூடிப் நிரல்தொகுப்பு அப்படித்தான் செய்கிறது. அதற்கும் இடம் போதாவிட்டால், ஃபோட்டான் எப்போது கசிகிறது என்று பகடை உருட்டி, 80 உறுப்புகள் கொண்ட நிலையை மட்டும் பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்கும் முறை உண்டு. நினைவகம் மிச்சமாகும், ஆனால் பிழையைப் பத்து மடங்கு குறைக்க நூறு மடங்கு ஓட்டம் வேண்டும்.

இ பெரிதாக உள்ள இடத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. முழு ராபி மாதிரியின் அடிநிலையில் ஒளி கலந்திருப்பதைக் கண்டோம். வழக்கமான கசிவு உறுப்பை அப்படியே ஒட்டினால், அந்த அடிநிலையே ஃபோட்டான்களை வெளிவிட்டுக்கொண்டே இருப்பதாகக் கணினி காட்டும். அடிநிலையிலிருந்து இறங்க இடமேது? பெலிக்ஸ் போதுவான், ஜே கேம்பெட்டா, அலெக்ஸாந்தர் பிளே ஆகியோர் 2011-இல் இதைச் சுட்டிக்காட்டிச் சரியான முறையைத் தந்தார்கள்: முதலில் முழு ஹாமில்டோனியனின் ஐகன் நிலைகளைக் கண்டுபிடித்து, பிறகு கசிவை அந்த நிலைகளுக்கு இடையிலான இறக்கங்களாக மட்டும் எழுத வேண்டும்.

ஓட்டும்முன்

எழுதிய நிரலை ஆய்வுத் தரவின் மேல் ஏவும்முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுவேன். இ-யை மிகச் சிறிதாக்கினால் ஜேன்ஸ்–கம்மிங்ஸ் சூத்திரம் திரும்பக் கிடைக்க வேண்டும். அ-வைச் சுழியமாக்கினால் மட்டங்கள் ஒஎ − இ²/ஒ என்ற சரியான வரிசையில், ஒவ்வொன்றும் இரட்டையாக, வர வேண்டும். பிராக்கின் சார்புக்கு மட்டும் இந்தச் சோதனையை வைக்காதீர்கள். அ சுழியமானால் எல்லா மட்டங்களும் முழு எண்களிலேயே அமர்ந்துவிடும், சார்பு எங்குமே சுழியமாகாது. மூன்றாவதாக, ஃபோட்டான் எண்ணிக்கையை வெட்டிய இடத்தை ஒன்றரை மடங்காக்கி மறுபடி ஓட்டுங்கள். 20-இல் வெட்டியிருந்தால் 30. உங்களுக்கு வேண்டிய தசம இடத்தில் ஏதாவது அசைந்தால் 45-க்குப் போங்கள். ஓரியல் நிலையோடு தொடங்கும் கணக்கில் வெட்டும் எண் சராசரியோடு √ச-வின் ஐந்தாறு மடங்கைக் கூட்டியதற்குக் குறையக் கூடாது. ச 16 என்றால் 40-லிருந்து தொடங்கலாம்.